நான்கு மூலையிலும் பசை

இது நான் கண்ணால் பார்த்ததல்ல. வேல்மயில் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் விட்டுப்போன விசைப்பலகையில் சில எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன, மேசையின் உள்விளிம்பில் காய்ந்த பசை கட்டியாக ஒட்டியிருக்கிறது. எனக்கு நேரடியாகத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் பேச்சியக்கா சொன்னது. பேச்சியக்கா எங்கள் வட்ட அலுவலகத்தின் உதவியாளர், அந்த மதியம் முழுவதும் வேல்மயிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாள் நறுக்கிக் கொடுத்தவர். பின்னால் ஒருநாள் பேருந்து நிலையத்தில் வைத்து வேல்மயிலே தன் மனசில் ஓடியதைக் கொஞ்சம் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அதிலும் விட்டுப்போன இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான், என் அம்மாவும் கைநாட்டுதான், அதனால் நிரப்புவது பெரிய கஷ்டமாக இல்லை. வேல்மயிலுடைய அம்மாவின் அடையாள எண்ணை மட்டும் எங்கேயும் எழுதமாட்டேன்.

வேல்மயில் மார்க்கர் மூடியைக் கழற்றியதும் வாடை மூக்கில் ஏறியது. தீப்பெட்டி ஆபீஸ் வாடை இல்லை, ஆனால் அதைப்போலவே நெஞ்சில் போய் உட்காருகிற வாடை. சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோருக்கும் கொஞ்சம் கண் சொருகுகிற பொழுது. மேசைமேல் கட்டுக் கட்டாக உறைகள், மாவட்டத் தலைமையிடத்தில் அச்சடித்து ஜீப்பில் வந்தவை. உதவித்தொகை வாங்குகிறவர்கள் எல்லோரும் நேரில் வந்து விவரத்தைச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்கிற கடிதம், சாயங்காலத் தபால் பையில் போயாக வேண்டும். ஒவ்வொரு உறையின் நெற்றியிலும், பெயருக்கு மேலே, அந்த ஆளின் அடையாள எண் முழுசாக, ஒரு இலக்கம்கூட மறைக்காமல், பெயரைவிடத் தடித்த எழுத்தில். நிறுத்தச் சொல்லி அவள் எழுதி அனுப்பிய பிறகும் பழைய அமைப்பிலேயே அடித்திருக்கிறார்கள். டெபுடி தாசில்தார் ஞானசிகாமணியிடம் ஓடிப்போய்க் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி உறையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், திருப்பி அனுப்பினால் இன்னொரு மாசம் ஓடிரும்மா, மார்க்கர் வாங்கி அடிச்சு விட்ரு என்றார். அடித்தாள். ஒரு உறைக்கு ஒரு கோடு. கோடு போட்டதும் எண் செத்துவிட்டது என்று ஒரு நிம்மதி, அடுத்த உறை, அடுத்த நிம்மதி, நிம்மதி இப்படி வரிசையாக வருமா என்று ஒரு சந்தேகம். மை காயட்டும் என்று ஓர் உறையை ஜன்னல் பக்கம் சாய்த்தாள். கறுப்புக்கு உள்ளேயிருந்து எண் மினுங்கியது. மார்க்கர் மை மங்கல், அச்சு மை பளபளப்பு. நேராகப் பிடித்தால் இருட்டு, சாய்த்தால் பூனைக்கண். எல்லா இலக்கமும் தெரிந்தது. அடித்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சாய்த்தாள். எல்லாம் தெரிந்தது. மறைத்ததாக நினைத்தது மறைந்திருக்கவில்லை, மேலே ஒரு கோடு போட்டு இங்கேதான் இருக்கிறது பார் என்று காட்டிக் கொடுத்திருக்கிறாள்.

அந்த ஜன்னல். அவள் உறையை மட்டும் பார்த்தாள், அப்பால் பார்க்கவில்லை. அப்பால் வேப்பமரம், வேப்பமரத்துக்கு அப்பால் ரோடு, ரோட்டுக்கு அப்பால் காவல் நிலையத்து வாசல், வாசலில் ஒரு சிமெண்டு பெஞ்சு. இந்த நாற்காலியிலிருந்து அந்தப் பெஞ்சு நன்றாகத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. எப்போதும் யாராவது அதில் உட்கார்ந்திருப்பார்கள், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, துண்டை உதறிக்கொண்டு, பிள்ளைக்குப் பன் பிய்த்துக் கொடுத்துக்கொண்டு. பார்த்துப் பழகிப் பார்க்காமலே போன பெஞ்சு. இப்போது பார்க்கக் கூடாது. பார்த்தால் கை நிற்கும், கை நின்றால் கட்டு முடியாது, கட்டு முடியாவிட்டால் எண்ணெல்லாம் அப்படியே பைக்குள் போகும், போய்ப் பெட்டிக்கடைப் பலகையில் மல்லாக்கக் கிடக்கும். இந்தப் பக்கத்து ஊர்களில் தபால்காரர் வீடு வீடாக ஏறி இறங்குவதில்லை, கடையில் வைத்துவிட்டுப் போவார், உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவரை டீ குடிக்கிறவன், வெற்றிலை வாங்குகிறவன், பஸ்ஸுக்கு நிற்கிறவன், யார் வேண்டுமானாலும் புரட்டலாம், செல்போனில் படம் பிடிக்கலாம். அது அவளுக்குத் தெரியும். எண்ணை வெளியே அடிக்கலாம் என்று யோசனை சொன்ன நாளிலும் தெரியும். தெரிந்தும் ஏன். என்ன மயிலு, பேயறஞ்ச மாதிரி நிக்கே என்று பேச்சியக்கா கேட்டார். அவள் உறையைச் சாய்த்துக் காட்டினாள். பேச்சியக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, மல்லுத்துணி உடுத்துன மாதிரில்ல இருக்கு. எல்லாம் தெரியுதே" என்றார். சிரிப்பு வரவேண்டிய இடம். அவள் மார்க்கரை மூடி ஓரமாக வைத்தாள்.

தாள் ஒட்டிவிடலாம் என்று தோன்றியது யாருக்கு என்பதில் பேச்சியக்காவுக்கும் நிச்சயம் இல்லை. கழித்துப்போட்ட கோப்புகளின் பழுப்பு அட்டைகள் மூலையில் குவிந்திருந்தன, தடித்த அட்டை, வெளிச்சம் ஊடுருவாது, அதைப் பேச்சியக்கா விரற்கடை அகலத்துக்குப் பட்டை பட்டையாக நறுக்கினார். அலுவலகக் கோந்து பாட்டிலின் அடியில் கல்லாக ஒரு கட்டி மட்டும் கிடந்தது. பேச்சியக்கா போய்ப் பரோட்டாக் கடையில் மைதா வாங்கி, டீக்கடை அடுப்பிலேயே பசை கிண்டி, தூக்குவாளியில் ஆவி பறக்கக் கொண்டுவந்தார். வேல்மயில் இரண்டு விரலை உள்ளே விட்டாள். அந்தச் சூடு. இந்தச் சூடு அம்மாவுடையது. அம்மா அழகுத்தாய் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டினாள், ஆபீஸ் இல்லாத நாளில் வீட்டில் தகரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒட்டினாள், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மயிலும் ஒட்டினாள். இரண்டு விரலால் இழு, கட்டைவிரலால் நீவு, புரட்டு. நடுவுல எம்புட்டுத் தடவுனாலும் வீண் தாயி, மூலையில ஏறணும், மூலையில ஏறலன்னா லேபிள் வாயைப் பொளந்துரும் என்பாள். லேபிள் வாய் பிளந்தால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். பசை ஆறுமுன் மயில்துத்தத்தைப் பொடித்து ஒரு சிட்டிகை போடுவாள், அது விஷம், பசை லேசாகப் பச்சையோடும், அப்புறம் கரப்பானும் எலியும் கிட்டே வராது. இங்கே துத்தம் இல்லை. இருந்தால் நல்லது. இன்றைக்கு ராத்திரி மட்டும் தபால் நிலையத்துக் கரப்பான்கள் தின்னாமல் இருந்தால் போதும். விரல் தானாக ஓடியது. பட்டையின் நான்கு மூலைக்கும் பசை, எண்ணின் மேல் வை, நீவு, புரட்டு. நகத்தால் நெம்பிப் பார்த்தாள், வரவில்லை. கை கற்றுக்கொண்டதை மறக்காது போலிருக்கிறது. மனசுதான் கற்றுக்கொள்ளக் கூடாததை எல்லாம் கற்று வைத்துக்கொள்கிறது. அம்மாவின் பிறந்தநாள் அவளுக்குத் தெரியாது, அம்மாவுக்கே தெரியாது, கார்டில் ஜனவரி ஒன்று என்று போட்டிருக்கிறார்கள், யாருக்குத் தெரியாதோ அவர்கள் எல்லோரும் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். ஆனால் அம்மாவின் எண் தெரியும். எத்தனையோ விண்ணப்பத்தில் நிரப்பி நிரப்பிப் பாட்டுபோல மனப்பாடம். செத்துப்போன ஒருத்தியைப் பற்றி இவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது அந்த எண் மட்டும்தானா.

கட்டுகள் ஊர்வாரியாக இருந்தன. அவளுடைய ஊர்க் கட்டு கடைசியில் இருந்தது, ரப்பர் வளையத்துக்குள் தடித்துக்கொண்டு, அவள் பார்க்காதபோதும் இருந்தது. அதில் அம்மாவின் உறை இருக்கும். இருக்கத்தான் செய்யும், ஏனென்றால் இறந்தவர்களைப் பட்டியலிலிருந்து எடுக்கிற வேலை வேல்மயிலுடையது, அவள் எடுக்கவில்லை. மழைக்காலத்தில் அம்மா நெஞ்சுச்சளி என்று படுத்தாள், எழவில்லை. அதற்கு முன்பே போலீஸ் விசாரணை என்று மாவட்டத்திலேயே உதவித்தொகையை நிறுத்தி வைத்திருந்தார்கள், அவள் அதைப் பார்த்தது சாவுக்குப் பிறகுதான், ஆகவே யாருக்கும் எதுவும் போய்க்கொண்டிருக்கவில்லை, ஒரு வரிதான், திரையில் ஒரு வரி, அழகுத்தாய், நிறுத்திவைப்பு. ஊரில் இறந்த எத்தனையோ பேரின் வரியை அவள் எடுத்திருக்கிறாள், பேரைத் தேடு, காரணம் இறப்பு, சரி. அம்மாவின் வரிக்கு வந்து காரணம் என்ற கட்டத்தில் கர்சர் இமைத்துக்கொண்டே இருக்கும், அவள் வெளியே வந்துவிடுவாள். நாளை பார்த்துக்கொள்ளலாம். நாளை. இப்போது அந்த நாளை ரப்பர் வளையம் போட்டுக்கொண்டு மேசைக்கு வந்திருக்கிறது. இந்த உறை யாருடையது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது. சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். அவளுடைய ஒப்பந்தம் இந்த மாசத்தோடு முடிகிறது, புதுப்பிக்கிற கோப்பு டெபுடி மேசைமேல் இருக்கிறது. அம்மா சொல்லாமல் காத்த வேலை. நீவு, புரட்டு. அடுத்தது. மூலை, மூலை.

யோசனை சொன்னது அவள்தான். அவர்கள் தெருவிலேயே நாலைந்து அழகுத்தாய்கள், புருஷன் பேரும் பாதிப் பேருக்கு ஒன்றுதான், ஒருத்தி கடிதம் இன்னொருத்தியிடம் போய், பிரித்தவள் அது தனக்கு வந்தது என்று சத்தியம் செய்து, அலுவலக வாசலில் சேலையைப் பிடித்து இழுக்கிற சண்டை. ஒரு கூட்டத்தில் எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது கடைசி வரிசையில் நின்ற வேல்மயில் எழுந்து (நின்றுகொண்டிருந்தவள் எப்படி எழுவாள், ஆனால் நினைவில் அப்படித்தான், எழுந்து) எண்ணைப் பேருக்கு மேலே வெளியே அடித்துவிடலாம் சார், கடைக்காரரே பார்த்துப் பிரித்துக் கொடுத்துவிடுவார் என்றாள். லேபிள் ஒட்டுகிறவள் மகளுக்கு வேறென்ன தோன்றும். உள்ளே இருப்பது என்ன என்று வெளியே தெரிய வேண்டும், தெரிந்தால்தான் நல்ல சரக்கு. ஞானசிகாமணி சார், பிள்ளைக்கு மூளை இருக்கு என்றார், மாவட்டத்துக்கே எழுதிவிட்டார். அவள் அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். அம்மா தீப்பெட்டி ஆபீஸ் முழுக்கச் சொன்னாள். அந்த மாதிரி அடித்த முதல் கடிதம் அம்மாவுக்கு வந்தபோது, உள்ளே இருந்ததை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டு, உறையைத் துத்தம் போட்ட பசை தடவி வாசல் கதவில் ஒட்டினாள், ஆள் உயரத்தில், முகம் வெளியே தெரிய. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், இந்த லேபிளு என் மக யோசனை. வேல்மயில் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னம்மா இது சின்னப்பிள்ளை மாதிரி என்றாள். எடுத்திருக்கலாம். அன்றைக்கே ஈரத்துணி வைத்து ஊறவிட்டு எடுத்திருக்கலாம். அம்மா முகத்தைப் பார்த்தபிறகு எடுக்க மனசு வரவில்லை, பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும், பெருமையாக இருந்தது.

பையோடு ஒருத்தன் வந்தான். கதவுக்கு முன்னால் செல்போனைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான் என்று எதிர்வீட்டுச் செல்லக்கனி பிறகு சொன்னாள், யாருக்கோ பேசுகிறான் என்று நினைத்தாளாம். அப்புறம் அழகுத்தாயம்மா என்று கூப்பிட்டான். வெளியே வந்தவளிடம் தாலுகா ஆபீஸிலிருந்து வருகிறேன் என்று சொல்லி, எண்ணைத் தலைகீழாக ஒப்பிப்பதுபோல் கடகடவென்று சொன்னான். எண் தெரிந்தவன் ஆபீஸ் ஆள்தானே. அவள் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், எண் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே அம்மா சொன்னாள், "உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு தம்பி வந்துச்சு மயிலு, தங்கமான பய. ரேசன் கடைக்காரன் மாதிரி வையல. ஒவ்வொரு விரலாத் தொடச்சுத் தொடச்சு வச்சுப் பாத்தான், கடைசியில மோதிர விரலு பிடிச்சிருச்சு." தீக்குச்சி மருந்துச் சட்டியிலும் பசையிலும் கிடந்து ரேகை போன விரல்கள், எந்த மெஷினும் ஏற்காத விரல்கள், ரேஷன் கடையில் ஒவ்வொரு மாசமும் ஏச்சு வாங்கித் தந்த விரல்கள். அதை ஒருத்தன் பொறுமையாகத் துடைத்துவிட்டிருக்கிறான். திருட வந்தவனுக்குத்தான் அந்தப் பொறுமை இருந்தது. வேல்மயில் அப்போது போட்டித்தேர்வுப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். ம் என்றாள். அவ்வளவுதான். எந்தத் தம்பி, பேர் என்ன, எங்கள் ஆபீஸிலிருந்து யாரும் வீட்டுக்கு வரமாட்டார்களே, கேட்பதற்கு எத்தனை இருந்தது. ம். அந்த ஒரு ம் எங்கே போனாலும் கூடவே வருகிறது, பஸ்ஸில், குளிக்கும்போது, இப்போது பசை வாளிக்குள் விரலை விடும்போது. ம். அந்த ரேகையை வைத்து அழகுத்தாய் பேரில் செல்போன் இணைப்பு வாங்கினார்கள். அந்த இணைப்பிலிருந்து வேறு மாவட்டத்தில் யார் யாரையோ ஏமாற்றினார்கள். ஏமாந்தவர்களிலும் ஒரு அம்மா இருந்திருப்பாள், அவளுக்கும் ஒரு மகள் இருந்திருப்பாள், அவளும் எதற்கோ ம் என்றிருப்பாள்.

மற்றொரு ஊர்க் கட்டு முடிந்தது. பேச்சியக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து டீ சொல்லப் போனார். வேல்மயில் ஜன்னலைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கே முழு உடம்பும் வேலை செய்தது. வெளிமாவட்டப் போலீஸ் வந்து அம்மாவை அழைத்துப்போய் விசாரித்தது அந்த நிலையத்தில்தான், ரோட்டுக்கு எதிரே. காலையில் கொண்டுவந்து அந்தப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள், பொழுது சாய்ந்த பிறகு அனுப்பினார்கள். மகள் இங்கே இருந்தாள், இந்த நாற்காலியில், அன்றைக்கு எத்தனை தடவை ஜன்னலைப் பார்த்திருப்பாள், வேப்பமரத்தைப் பார்த்தாள், மரத்தில் காகம் குச்சி சேர்த்துக்கொண்டிருந்தது, அது நினைவிருக்கிறது, காகம் நினைவிருக்கிறது. மதியம் டீக்கடைக்குப் போனாள். ரோட்டோரம் நின்று டீ குடித்தாள். செல்லக்கனி துணைக்குப் போயிருந்தாள், அவள்தான் எல்லாம் முடிந்து, காடாற்றி முடிந்து, வீட்டில் யாரும் இல்லாத ஒரு மதியம் வந்து சொன்னாள். உன்னைப் பாத்ததும் உங்கம்மா முந்தானைய முக்காடு போட்டுச் சுவத்தைப் பாக்கத் திரும்பிக்கிட்டா மயிலு. நான் கூப்பிடப் போனேன், கையப் பிடிச்சு அமுக்கிட்டா. உள்ளே கூப்பிட்டுப் பிள்ளைகள் யாரும் உண்டா, படித்தவர்கள் யாரும் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். மகள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாராவது ரோட்டைத் தாண்டி வந்திருப்பார்கள், அவளே ஓடி வந்திருப்பாள், இப்போது நினைத்தால்கூடக் கால் எழுகிறது. அம்மா சொன்னாளாம், "எனக்கு யாருமில்லய்யா. ஒண்டிக்கட்ட." அவர்கள் கையிலிருந்த தாளைப் பார்த்தார்களாம். திட்டத்தின் பேரே ஆதரவற்ற விதவை. சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்களாம். ஏன் அப்படிச் சொன்னே என்று வரும் வழியில் செல்லக்கனி கேட்டதற்கு, சர்க்காரு வேலையில இருக்கிற பிள்ள, போலீசு வாயில அவ பேரு விழக்கூடாது என்றாளாம். ஒப்பந்த வேலை. சர்க்கார் வேலை இல்லையம்மா, ஒப்பந்தம், வருஷத்துக்கு ஒருமுறை கெஞ்ச வேண்டிய வேலை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மகள் சொல்லவில்லை. அன்று இருட்டிய பிறகு வந்தவளிடம் எங்கம்மா போயிருந்தே என்று கேட்டாள், சீக்காளி ஒருத்தியப் பாக்கப் போனேன் என்றாள் அம்மா, மாவு இருக்கு தோசை ஊத்தவா என்றாள். அடுத்த நாள் கதவிலிருந்த உறையில் ஓர் ஓட்டை இருந்தது, எண் இருந்த இடத்தில். என்னம்மா இது என்றாள். கரப்பான் தின்னுருக்கும், மைதாதானே என்றாள் அம்மா. இவள் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

கடைசிக் கட்டின் ரப்பர் வளையத்தை எடுத்தபோது அது அறுந்து விரலில் அடித்தது. அவளுடைய தெரு. எல்லாப் பேரும் முகத்தோடு வந்தன, மாடத்தி, சண்முகக்கனி, பெரிய அழகுத்தாய், கிழக்குவீட்டு அழகுத்தாய். மூலை, மூலை, நீவு. அம்மாவின் பேர் வந்தது. எண் வந்தது. பாட்டுபோல உதடு ஓடப் பார்த்தது, கடித்துக்கொண்டாள். பட்டையை எடுத்தாள், பசையைத் தொட்டாள், அதற்குள் மேலேயிருந்து ஒரு கை உறையை எடுத்துக்கொண்டது. ஞானசிகாமணி சார் பட்டியலோடு வந்து பின்னால் நின்றிருந்தார். யாருமா இது, போலீஸ் விசாரணை, நிறுத்திவைப்புன்னு இருக்கு, இந்தம்மா இருக்காங்களா இல்லையா, யாருக்காவது தெரியுமா என்று அறையைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பேச்சியக்கா சாவுக்கு வந்து அழுதவர்தான், ஆனால் அவருக்கு அது மயிலு அம்மா, பேர் தெரியாது. ஒண்டிக்கட்ட கேஸ் போல, எடுத்து ஓரமா வச்சிரு என்றார் சார். உறையைப் பட்டியலின்மேல் போட்டுக்கொண்டு திரும்பினார். இப்படியே விட்டுவிடலாம். அம்மா போட்டுவைத்த வழி, இந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது, கோப்பு கையெழுத்தாகும், அடுத்த வருஷமும் இதே நாற்காலி, இதே ஜன்னல், இதே பெஞ்சு. முக்காடு போட்டுக்கொண்டு சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொள்ள வேண்டியதுதான். வேல்மயில் எழுந்து நின்றாள். இந்தமுறை நிஜமாகவே எழுந்தாள்.

"எங்கம்மா சார்."

அவர் நின்றார். அவள் சொல்லிக்கொண்டே போனாள், குரல் உயரவில்லை, பசைக்கையைத் தாவணியில் துடைக்கக்கூடத் தோன்றாமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்று சொன்னாள் என்கிறார் பேச்சியக்கா. அம்மா செத்து மாசமாகுது, வரியை எடுக்கவேண்டியது நான், எடுக்கல. எண்ணை வெளிய போடச் சொன்னது நான். அத வச்சுத்தான் ஒருத்தன் வந்து அம்மா கைரேகையை வாங்கிட்டுப் போனான். இன்னும் யார் யாரு வீட்டுக்குப் போனானோ, எல்லாக் கடிதத்தையும் விசாரிக்கணும் சார், நான் எழுதிக் கொடுக்கேன். ஞானசிகாமணி சார் கெட்டவர் இல்லை. அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிட்டே வந்து, தாழ்ந்த குரலில், மகளிடம் பேசுகிற மாதிரிதான் பேசினார். "நீ ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல. உன் கோப்பு என் மேசையில இருக்கும்மா. பேசாம உக்காந்து ஒட்டு."

"எங்கம்மாவும் அப்படித்தான் சார் பேசாம இருந்துட்டாங்க" என்றாள் அவள்.

சார் உறையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். செத்தவர்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டியதில்லை, அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் பட்டையை எடுத்தாள், நான்கு மூலைக்கும் பசை வைத்தாள், எண்ணின் மேல் வைத்து நீவினாள். அதிக நேரம் நீவினாள், பேச்சியக்கா போதும் தாயி என்று தோளைத் தொடுகிறவரை. காய்ந்துவிட்ட பிறகும் விரல் அங்கேயே போய்வந்துகொண்டிருந்ததாம். தபால் பை வந்தபோது மற்ற உறைகளோடு அதையும் போட்டாள். பையின் வாயைக் கட்டிக்கொண்டு தபால் ஆள் ரோட்டைத் தாண்டிப் போனான். அவள் ஜன்னலருகே போய் நின்று, அப்போதுதான், பெஞ்சைப் பார்த்தாள். அதில் யாரும் இல்லை. யாரோ காயப்போட்ட ஒரு துண்டு மட்டும் கிடந்தது. அதை இருட்டுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள் என்கிறார் பேச்சியக்கா.

அவள் எழுதிக் கொடுத்தாள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறாள் என்று கேள்வி. அந்த இடம் காலியானதால்தான் எனக்கு வேலை கிடைத்தது, இதை எழுதாமல் விட்டால் நான் சொன்ன மற்றதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

போன மாசம் சரிபார்ப்புக்காக அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். வீடு பூட்டியிருந்தது. கதவில் அந்தப் பழைய உறை இன்னும் இருக்கிறது. வெயிலில் மஞ்சளாகி, ஓரம் சிறிதும் எழும்பாமல், பசையின் பச்சை லேசாகத் தெரிய. பேர் இருக்கிறது, தெரு இருக்கிறது. எண் இருந்த இடத்தில் ஓட்டை. குனிந்து கிட்டே பார்த்தேன். கரப்பான் தின்றால் விளிம்பு கடித்துக் கடித்து நெளிந்திருக்கும். அந்த ஓட்டைக்கு நான்கு மூலை இருந்தது. கத்தியால் அளந்து வெட்டிய மாதிரி ஓரங்கள் நேராக இருந்தன.